குடும்பத்தோடு மலையேறுங்கள்

ஏப்ரல் மாதத்து மத்தியானத்தில், சாந்தோம் முழுவதிலும் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்த பெண்பிள்ளை மர்சலின் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள். ஜன்னலுக்கு வெளியே கடல் புதுத் தகரம்போல் பளபளத்தது. காற்று அசையவில்லை. வியர்வை நூலில் படாமலிருக்க மடியில் ஒரு பழைய துண்டை விரித்து, அதன்மேல் நீல நூலுண்டையை வைத்திருந்தாள். ஐந்து வரிசைக்கு ஒரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கணக்குத் தவறாமல் பின்னினாள். அவளுக்கெதிரே தரையில் அவள் புருஷன் காஸ்பர் குந்தி உட்கார்ந்து, ஆளுயரத் தகரப் பலகை ஒன்றில் மலை வரைந்துகொண்டிருந்தான். மலையை அவன் பார்த்தது கிடையாது.

பரங்கிமலையைச் சேர்த்துக்கொண்டால் பார்த்திருக்கிறான் என்று சொல்லலாம். அதை மலை என்பது ஒரு மரியாதைக்குத்தான். வருஷந்தோறும் டிசம்பரில் மாதாவின் திருநாளுக்கு, சாந்தோம் கோவில் ஜனங்கள் விடிவதற்கு முன் கிளம்பி, சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டி நடந்துபோய், படியேறி, பூசை கண்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். நவம்பர் கடைசியிலிருந்தே வீட்டுக்கு வீடு அதே பேச்சாக இருக்கும். "நாளன்னிக்கு மலையேறப் போறோம், நீங்க எப்ப?" என்று கேட்டுக்கொள்வார்கள். மர்சலினைக் காஸ்பர் முதன்முதலில் பார்த்ததும் அந்தப் படிகளில்தான். அவள் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் காஸ்பர் டிராயிங் மாஸ்டர். ஓய்ந்த வேளைகளில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவான். கச்சேரி ரோட்டில் ஒரு தானிய மண்டிக்கு அவன் எழுதியிருந்த பலகையைப் பார்த்துவிட்டுத்தான் அப்துல் கரீம் மார்ச் மாதத்தில் வீடு தேடி வந்தார். ஐம்பது வயது, நரைத்த தாடி, சென்னை வெயிலிலும் கழற்றாத கோட்டு. நெல்லிமுடி என்கிற சின்ன மலையூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர். சரக்கு வாங்க வருஷத்துக்கு இரண்டு தடவை சென்னைக்கு வந்து போகிறவர் என்பதாலேயே, ஊர் விழாக் கமிட்டிக்கு அவரைக் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள்.

நெல்லிமுடிக்கு ஒரே ஒரு தெரு, ஒரு தபாலாபீஸ், ஒரு மாதா கோவில், ஒரு பள்ளிவாசல், சுற்றிலும் காப்பித் தோட்டம். அடிவாரத்திலிருந்து பஸ் ரோடு போட்டு இரண்டு வருஷமாகிறது. ஆனால் கோடைக்கு மலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் பெயர் பெற்ற பெரிய ஊர்களுக்கே போனார்கள். நெல்லிமுடியின் வாடகை வீடுகளில் வௌவால் குடியிருந்தது. ஆகவே மே மாதம் மூன்றாவது வாரத்தில் ஒரு கோடை விழா நடத்துவதென்று ஊரில் தீர்மானித்திருந்தார்கள். பூக்காட்சி, பெரிய முட்டைக்கோசுக்குப் பரிசு, சாக்கு ஓட்டம், மட்டக்குதிரைப் பந்தயம், தோட்டத்துக்காரர்களின் பாண்டு வாத்தியம், மூன்று நாள் சந்தை. எல்லாம் தயார், பார்க்கத்தான் ஆளில்லை என்றார் கரீம்.

நாற்பது பேர் சேர்ந்தால் ரயில்காரர்கள் ஒரு தனிப் பெட்டி தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். மே பத்தாம் தேதிக்குள் நாற்பது பெயர் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெட்டி இல்லை, அதற்கப்புறம் கமிட்டி சென்னையை நினைத்தும் பார்க்காது. பெட்டி நிறைந்தால், நாற்பது பேரையும் பத்திரமாக அழைத்து வந்து திருப்பிக் கொண்டுவிடுகிற பொறுப்பு காஸ்பருக்கும் அவன் மனைவிக்கும். ஐந்து நாளும் கரீம் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.

அதுவரை உள்ளேயிருந்த மர்சலின் வாசற்படிக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மலையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்கிறார்களே, நிஜமா?

"கதவத் தொறந்து வெச்சா விருந்தாளியாட்டம் உள்ள வந்து உக்காந்துக்கும்மா," என்றார் கரீம். "சில நாளு காப்பித்தண்ணி குடிக்காமப் போகாது."

மறுநாள் காலையிலேயே மர்சலின் கம்பளி நூல் வாங்கிவிட்டாள். சிறுபிள்ளையில் கன்னியாஸ்திரீகளிடம் பின்னல் கற்றவள். எட்டு வருஷத் தாம்பத்தியத்தில் பரங்கிமலைக்கு அப்பால் அவளைக் காஸ்பர் எங்கேயும் கூட்டிப் போனதில்லை, அவளும் கேட்டதில்லை. இப்போதும் வாயால் கேட்கவில்லை. நாள் தவறாமல் அரை சாண் நீளத்துக்கு வளர்ந்துகொண்டிருந்த அந்த நீலச் சட்டை கேட்டது. காஸ்பருக்கு அது தெரிந்தேயிருந்தது.

நெல்லிமுடி மலை எந்த வடிவில் இருக்கும் என்று கரீமிடம் அவன் கேட்டிருந்தான். "பாதி நாளு ஒண்ணுமே தெரியாது மாஸ்டர்" என்று அவர் பெருமையாகச் சொன்னார். எனவே பலகையில் நிறைய வெள்ளை பூசினான். வெள்ளைக்கு அடியில் பச்சையாக ஒரு மேடு. இரண்டடி தள்ளி நின்று பார்த்தபோது மேடு அச்சாகப் பரங்கிமலையாக இருந்தது. தன்னையறியாமல் படிகூட வைத்திருந்தான். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுப் படிகளை அழித்தான்.

"வண்ணாந்துறையில வேட்டி காயப் போட்டாப்பல இருக்குங்க," என்றாள் மர்சலின், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படம் எப்படியிருந்தாலும் எழுத்தில் அவனை யாரும் குறை சொன்னதில்லை. வாசகத்துக்கு அவன் நெடுநேரம் யோசிக்கவும் இல்லை. மலை என்றதும் நெஞ்சில் எழுந்த சந்தோஷத்தை அப்படியே சாண் உயர எழுத்தில் இறக்கினான். 'இந்தக் கோடையில் குடும்பத்தோடு மலையேறுங்கள்.' கீழே விழாவின் விவரம், பெயர் கொடுக்க வேண்டிய விலாசம். இப்படி நான்கு பலகைகள். ஒன்று லஸ் முனையில், ஒன்று மயிலாப்பூர்க் கோவில் குளத்தருகில், ஒன்று புதிதாக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த தியாகராய நகரில் பனகல் பார்க்குக்கு எதிரே, ஒன்று சைதாப்பேட்டை ஸ்டேஷன் வாசலில்.

பலகை ஏறுவதற்கு முன்பே, வாய்ப்பேச்சிலேயே இருபத்துமூன்று பெயர்கள் வந்திருந்தன. அதில் ஏழு, மயிலாப்பூர்க் கங்காதரய்யர் வீட்டுப் பெயர்கள். ரிஜிஸ்திரார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. நெல்லிமுடி முட்டைக்கோசைப் பற்றிக் கேட்டதுமே உற்சாகமாகி, தம்பதியாகவும், இரண்டு பிள்ளைகள் மருமக்களோடும், விதவைத் தங்கையோடும் வருவதாகத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். பலகைகள் மாட்டியானதும் மீதிப் பதினேழும் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று காஸ்பர் கணக்குப் போட்டான்.

ஒரு வாரத்தில் ஒரு பெயரும் வரவில்லை. இரண்டாவது வாரத்தில் இருந்த பெயர்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்தன. ஒரு வீட்டில் மாமியாருக்கு முழங்கால் வலி. ஒரு வீட்டில் ஜாதகத்தில் பிரயாணம் ஆகாது என்று இருந்தது. கங்காதரய்யரிடமிருந்து, சௌகரியப்படவில்லை என்று ஒற்றை வரிக் கடுதாசி. காஸ்பர் நேரில் போனான். அவர் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, பள்ளிக்கூடத்தையும் டிராம் நெரிசலையும் விசாரித்தார். காரணம் கேட்டபோது மட்டும் பார்வையை உத்தரத்துக்குக் கொண்டுபோனார்.

"கேக்காதேயும் மாஸ்டர். சொல்லப்படாது. ஆத்துல பொம்மனாட்டிகள் பயந்துண்டிருக்கா."

எதற்குப் பயம் என்று தெரியாமலே திரும்பினான். பஸ் ரோட்டுக்காக இருக்குமோ, கரடி கிரடி என்று யாராவது கிளப்பிவிட்டார்களோ? பனகல் பார்க்கில் தன் பலகை முன்னால் நான்கு காலேஜ் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தான். படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு கடந்தான். சைதாப்பேட்டை ஸ்டேஷனில் பலகையின் அடியில் யாரோ கரித்துண்டால் ஒரு குத்துவிளக்கு வரைந்திருந்தார்கள். திரியில் சுடர் இல்லை. சுடர் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு புகைக்கோடு நெளிந்து மேலே போனது. அந்தக் கோட்டின் நெளிவு நன்றாயிருந்தது. எண்ணெய்க் கடை விளம்பரமாக இருக்கும், வரைந்தவனுக்குக் கை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அவன் மின்சார ரயிலைப் பிடித்தான்.

மே இரண்டாம் தேதி பட்டியலில் பதினோரு பெயர்கள் நின்றன. மர்சலின் தன் சட்டையை முடித்துவிட்டு, பழுப்பு நூலில் அவனுடையதைப் பின்னிக்கொண்டிருந்தாள். அன்று வாடிக்கைப்படி பச்சையம்மா மீன் கொண்டுவந்தாள். குப்பத்தில் அவள் குரலுக்கு அலை ஒதுங்கும் என்பார்கள். கூடையை இறக்கி, சங்கரா மீனை முறத்தில் எடுத்து வைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மாஸ்டரே, மயிலாப்பூரையே மலையேத்தப் பாக்கிறியாமே? அப்படி இன்னா கோவம் ஒனக்கு அவங்க மேல?"

காஸ்பருக்கு எரிச்சல். மலையேறுவதில் கோபம் எங்கே வந்தது, வருஷா வருஷம் நாங்கள் ஏறவில்லையா என்று கேட்டான்.

"நீங்கோ மாதாவப் பாக்கப் போறீங்கோ, அது வேற. ஆடி மாசம் எம்மேல ஆத்தா எறங்குவா, பாத்துக்கிறியா? ஆடி, குறி சொல்லி, கூழ் வாங்கிக்கினு, கற்பூரம் அணையச்சொல்லோ மலையேறிடுவா. மலையேறிட்டான்னா போயிட்டான்னு அர்த்தம். சரி, அத்த வுடு. வூட்ல வெளக்கு அணைஞ்சா இன்னான்னு சொல்லுவ?"

மர்சலினின் ஊசிகள் நின்றன. "மலையேறிடுச்சும்பாங்க," என்றாள் மெதுவாக.

"அக்காங். குடும்பத்தோட மலையேறுங்கோன்னு கோயில் கொளத்தாண்ட ஆளு ஒசரத்துக்கு எயுதி மாட்டிக்கீற. கெயவங்க கெயவிங்கோ காலைல சாமி கும்புட்டுட்டு வந்து மொதல்ல அதத்தான் பாக்கிறாங்கோ. வருவாங்களா?"

காஸ்பர் சுவரில் சாய்ந்துகொண்டான். அந்த அர்த்தம் அவனுக்குத் தெரியாததல்ல. பிறந்ததிலிருந்து கேட்டு வந்ததுதான், எத்தனையோ முறை அவனே சொல்லியுமிருக்கிறான். ஒரே தெருவில் குடியிருந்தும் ஒருநாளும் எதிர்ப்படாத இரண்டு பேரைப்போல இரண்டு மலையேறுதலும் அவனுக்குள் தனித்தனியே இருந்திருக்கின்றன. சைதாப்பேட்டைக் குத்துவிளக்கு இப்போது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் காது சுட்டது. கங்காதரய்யர் ஏன் சொல்ல மறுத்தார் என்பதும் புரிந்தது. அமங்கலத்தைப் போக்கவேண்டுமானால் அதைச் சொல்லவேண்டும், சொல்வதே அமங்கலம். எழுபத்தொரு வயதுக்காரருக்கு மோர் கொடுத்து அனுப்புவதைத் தவிர வேறென்ன வழி?

நான்கு பலகைகளையும் இறக்கி, சுரண்டி, மறுபடி வண்ணம் பூசிக் காயவைக்கப் பத்து நாளாகும். கையில் இருந்தது எட்டு நாள். பலகைகளைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கரீமுக்கு எழுதிவிட வேண்டியதுதான். அவன் மர்சலினைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அவள் பழுப்புச் சட்டையின் ஒரு கையை முடித்திருந்தாள். இன்னொரு கை பாக்கி.

பச்சையம்மா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தாள். "வரேம்மா," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

காஸ்பர் தலையை உயர்த்தினான். "மர்சலின், அவ என்ன சொல்லிட்டுப் போறா?"

"வரேன்னு சொல்லிட்டுப் போறா."

"போறவ எதுக்கு வரேங்கிறா?"

மர்சலின் ஒரு கணம் அவனை விழித்துப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று அவனுக்கு உறுதிப்பட்டது. எழுந்து தூரிகையைத் தேடினான்.

முதலில் லஸ் முனை. காலை எட்டு மணிக்கு ஏணியைச் சாத்தி ஏறினான். 'மலையேறுங்கள்' என்பதில் 'று'வின் வாலைச் சுரண்டி, தலையில் ஒரு கொக்கி போட்டான். 'றி' ஆயிற்று. அதற்கும் 'ங்கள்' என்பதற்கும் நடுவே புது எழுத்து நுழைய இடமில்லை. பள்ளிப் பிள்ளைகள் விட்டுப்போன எழுத்தை வரிக்கு மேலே எழுதி, கீழே கூரைபோல ஒரு குறி போடுவார்களே, அப்படிக் குறி போட்டு, மேலே சின்னதாக 'வாரு' என்று எழுதினான். 'குடும்பத்தோடு மலையேறி வாருங்கள்.' திருவிழாக் கூட்டத்தில் அப்பன் தோளில் உட்கார்ந்த குழந்தையைப்போல இரண்டு எழுத்துகள் வரிக்கு மேலே உட்கார்ந்திருந்தன.

கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. டிராமிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பழைய வாசகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அதில் பாதிப் பேர். ஜட்கா வண்டிக்காரன் ஒருவன் வண்டியில் இருந்தபடியே குரல் கொடுத்தான். "இட்டுக்கினு போயி மறுபடி கொண்டாந்து வுட்ருவியா நைனா?"

"ரிட்டன் டிக்கெட்டுப்பா," என்றான் காஸ்பர் ஏணியிலிருந்து. லஸ் முனையே சிரித்தது.

அடுத்த நான்கு நாளில் அந்தச் சிரிப்பு அவன் நான்கு பலகைகளாலும் செய்யமுடியாததைச் செய்தது. தப்பைத் திருத்தின பலகையைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் வந்தார்கள், வந்தவர்கள் விழா விவரத்தையும் படித்தார்கள். மாம்பலத்திலிருந்து எட்டுப் பேர், அடையாற்றிலிருந்து ஒரு குடும்பம், சைதாப்பேட்டையில் இரண்டு வாத்தியார்கள். கங்காதரய்யர் குடையோடு தாமே நடந்து வந்தார்.

"இப்போ சொல்லலாம், ஓய்," என்றார் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தபடி. "எழுவத்தொரு வயசுக்காரனைப் பார்த்து, நீ மட்டும் போறாது, குடும்பத்தையே அழைச்சுண்டு போன்னு எழுதினீரே. நான் உமக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?" ஏழு பெயரையும் மறுபடி எழுதிக் கொடுத்தார்.

மே ஒன்பதாம் தேதி முப்பத்தொன்பது. ஒன்று குறைந்தது. வராத ஓர் ஆளின் பெயரை எழுதிவிடலாமே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ரயில்காரர்கள் தலையை எண்ணுவார்கள் என்று காஸ்பர் சொல்லிவிட்டான். அன்று கரீமிடமிருந்து கடுதாசி வந்தது. மட்டக்குதிரைகள் தயார், முட்டைக்கோசு ஒன்று பதினாறு ராத்தல் தேறும் என்றெல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். வரும்போது யாராவது கொஞ்சம் கருவாடு கொண்டுவந்தால் புண்ணியமாகப் போகும், மழைக்காலத்தில் எங்கள் ஊரே அதற்கு ஏங்குகிறது. மர்சலின் இதைச் சிரித்துக்கொண்டே பச்சையம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். பச்சையம்மா சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஊரேவா?"

"அப்படித்தான் எழுதியிருக்காரு."

"மூணு நாளு சந்தை கீதுன்ன இல்ல? எம்பேர எயுது மாஸ்டரே."

நாற்பதாவது பெயரைக் காஸ்பர் எழுதினான். செய்தி மயிலாப்பூருக்கு எட்ட ஒரு பொழுதுகூட ஆகவில்லை. மாலையில் கங்காதரய்யர் மறுபடி குடையோடு வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. ராத்திரி முழுக்கக் கருவாட்டுக் கூடையோடு ஒரே பெட்டியில் எப்படி என்று கேட்டார். காஸ்பர் மனசுக்குள் கணக்குப் போட்டான். அவர் விலகினால் முப்பத்துமூன்று, இவள் விலகினால் முப்பத்தொன்பது, இரண்டிலும் பெட்டி இல்லை. மீனையெல்லாம் விற்றுத் தீர்த்த வெறுங்கூடையோடு பச்சையம்மா அப்போது தெருவில் வந்துகொண்டிருந்தாள். யாரும் கூப்பிடாமலே வாசலில் நின்றாள்.

"சாமி, கூடை கார்டு வண்டில வரட்டும். நானு தல முழுவிட்டு, மஞ்ச பூசிக்கினு வரேன். ஆனா ஜன்னலாண்ட எடம் எனக்கு. அத்த வுடமாட்டேன்."

கங்காதரய்யர் குடையின் கைப்பிடியைச் சிறிது நேரம் திருகிக்கொண்டிருந்தார். "மலைல குளிருக்கு மூக்கடைச்சுக்கும்கறா," என்றார் கடைசியில், காஸ்பரைப் பார்த்து. "எழும்பூர்லேயே அடைச்சுண்டுட்டாப் போச்சு."

கிளம்பின அன்று எழும்பூர் ஸ்டேஷனில், வழியனுப்ப வந்தவர்கள் ஊர்வலத்துக்கு வந்ததுபோல வந்திருந்தார்கள். மலையேறி வாங்க, மலையேறி வாங்க என்று ஜன்னல் ஜன்னலாகச் சொல்லிச் சிரித்தார்கள். கங்காதரய்யர் வீட்டார் பெட்டியின் ஒரு கோடியில் உட்கார்ந்தார்கள், மறு கோடியில் ஜன்னலோரம் பச்சையம்மா. நடுவில் முப்பத்திரண்டு பேர். அவளோடு இருந்தது ஒரு துணி மூட்டை. அதில் ஒரு மாற்றுப் புடவைதான் இருந்தது என்று தெரிந்ததும், மர்சலின் தன் துணிப்பெட்டியைத் திறந்து பழுப்புச் சட்டையை எடுத்து அவள் மடியில் போட்டாள். காஸ்பரை அவள் கேட்கவில்லை. அவனும் தன் குளிரைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவில்லை.

"ஆட்டு மேல கீறத நாம போட்டுக்கிறதா," என்று பச்சையம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மலையில் போட்டுக்கொண்டால் போதும் என்று மர்சலின் சொல்லி முடிப்பதற்குள் தலையை உள்ளே நுழைத்துவிட்டாள்.

சைதாப்பேட்டைப் பாலத்தை ரயில் தாண்டும்போது அந்தி சாய்ந்திருந்தது. பரங்கிமலை வலப்பக்கம் எழுந்து வந்தது. மர்சலின் நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, படிகளில் தான் மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தைக் கண்ணால் தேடினாள். மே மாதத்து வெக்கையில், கழுத்துவரை கம்பளிச் சட்டை போட்டு, முகத்தில் வியர்வை ஓடையாக வழிய, பச்சையம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். மலைக்கு மேலே மாதா கோவிலில் யாரோ அப்போதுதான் விளக்கு ஏற்றியிருந்தார்கள். அவள் இரண்டு கையையும் வெளியே நீட்டிக் கும்பிட்டாள்.

"வரேன் தாயி," என்றாள் உரக்க.

பல்லாவரம் தாண்டுகிற வரைக்கும் அந்த விளக்கு தெரிந்துகொண்டே இருந்தது.